சீரியல் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சினிமா நடிகருக்குக் கட்-அவுட் வைத்துப் பாலூற்றுகிறவரை ஊர் 'ரசிகர்' என்று அழைக்கும். ஆறு வருஷம் ஒரே கதையை ஒரு நாள் விடாமல் பார்த்து, அதில் வந்த அத்தனை பேரையும் நினைவில் வைத்திருக்கும் பெண்ணை 'டிவி முன்னாலேயே கிடக்கிறாள்' என்று சொல்லிவிடும். எனக்கு அந்த இரண்டாவது ஆள்மேல்தான் பிரியம். தமிழ் சீரியல்களையும் சின்னத்திரை நடிகர்களையும் நேசிக்கிறவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

சீரியல் ரசிகர் என்று சொல்லிக்கொள்ள எத்தனை தொடர் பார்த்திருக்க வேண்டும்?

ஒன்று போதும். அதில் வரும் யாரோ ஒருவருக்காக நாளை என்ன ஆகுமோ என்று மனசு அடித்துக்கொண்டால் நீங்கள் ரசிகர்தான்.

சீரியல் பார்ப்பேன் என்று ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள். என்ன சொல்வது?

சிரிக்கட்டும். நீங்கள் ஒளிக்க வேண்டாம். சினிமாவில் எல்லாம் பார்த்துவிட்ட கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்' மூலம் தூர்தர்ஷனுக்கு வந்தார். அதற்குப் பிறகும் வரிசையாகத் தொடர்கள் எடுத்தார். இதைச் சின்ன வேலை என்று அவர் நினைக்கவில்லை. ராதிகா 'சித்தி' தொடரை நடித்துத் தயாரித்தபோது அவர் ஏற்கெனவே பெரிய திரையில் இருபது வருஷத்துக்கும் மேல் நின்றவர். 'காதல் கோட்டை' தேவயானியை இன்று பல வீடுகளில் அபி என்றுதான் அழைக்கிறார்கள். அது 'கோலங்கள்' தொடர் கொடுத்த பெயர்.

அப்புறம், 'இது பெண்கள் பார்ப்பது' என்று ஒரு பேச்சு உண்டு. 'எதிர்நீச்சல்' தொடர் ஓடிய காலத்தில் டீக்கடைகளில் அதன் வில்லன் குணசேகரன் மாதிரிப் பேசிக் காட்டிய ஆண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தார்கள்? வீட்டில் மனைவியோ அம்மாவோ பார்க்கும்போது நாளிதழுக்குப் பின்னால் இருந்து பார்த்தவர்கள்தான். நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். அதை வெளியே சொல்லவும் அவர்கள் கூச்சப்பட வேண்டாம்.

நான் புதிது. எங்கிருந்து தொடங்கலாம்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது. உங்கள் குணத்தைப் பொறுத்துச் சொல்கிறேன்.

நீளமான கதைக்குப் பொறுமை இல்லை, ஆனால் தூக்கம் கெட வேண்டும் என்றால் 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு'. 1990-களின் பிற்பாதியில் சன் டிவியில் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. ஒரு கிராமம், ஒரு கருப்பசாமி, தப்பு செய்தவர்களுக்கு இரவில் விழும் தண்டனை. சாமியா, ஆசாமியா என்ற கேள்வியைக் கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டே போவார்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானபோது, சின்ன வயதில் அந்தக் குதிரைக் குளம்புச் சத்தத்துக்குப் போர்வைக்குள் ஒளிந்த ஒரு தலைமுறையே அவரை நினைத்துக்கொண்டது.

குடும்பக் கதைதான் வேண்டும் என்றால் 'மெட்டி ஒலி', 2002 முதல் 2005 வரை. மனைவியை இழந்த சிதம்பரம் என்கிற அப்பா, அவருக்கு ஐந்து பெண்கள். அவ்வளவுதான் கதை. டெல்லி குமார் அந்த அப்பாவாக நடிக்கவில்லை, வாழ்ந்தார் என்று எல்லாரும் எழுதுவதையே நானும் எழுத வேண்டியிருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் போய் வாசலிலேயே தயங்கி நிற்கும் அந்த உடம்பைக் கவனியுங்கள். சம்பந்தி வீட்டில் பெண்ணைப் பெற்றவன் எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது, தட்டில் வைத்ததில் எவ்வளவு சாப்பிடுவது என்று எல்லாமே அவர் தோளில் தெரியும். திருமுருகன் இயக்கி, அவரே கோபியாகவும் வந்தார். 2020 ஊரடங்கில் சன் டிவி இதை மறுபடி போட்டபோது, அது முதலில் ஓடிய காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

பெரிய நதியில் இறங்கத் தயார் என்றால் 'கோலங்கள்'. 2003-இல் தொடங்கி 2009-இல் முடிந்தது, 1500 எபிசோடுக்கும் மேல். திருச்செல்வம் இயக்கம். குடும்பத்தைத் தாங்கி, கட்டுமானத் தொழிலில் காலூன்றும் அபி ஒரு பக்கம், அவளை அழிக்க நிற்கும் ஆதி மறுபக்கம். இதைப் பார்த்துவிட்டு அதே திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சலு'க்கு வாருங்கள். அங்கேயும் எதிரியின் பெயர் ஆதி குணசேகரன்! கோலங்களில் தொல்காப்பியனாக வந்த இயக்குநர், எதிர்நீச்சலில் ஜீவானந்தமாக வருவார். கோலங்களில் ஒருத்தி ஒற்றையாளாகப் போராடினாள். எதிர்நீச்சலில் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த ஜனனி, ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா நான்கு பேரும் ஒரு சமையலறையில் கூடி நிற்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு படைப்பாளி ஒரே கேள்வியைப் பதினைந்து இருபது வருஷம் விடாமல் யோசித்திருப்பது தெரியும். சினிமாவில் இப்படி ஒன்று நடந்திருந்தால் புத்தகமே போட்டிருப்பார்கள்.

ஆயிரம் எபிசோடு எப்படிப் பார்ப்பது? வேலைவெட்டி வேண்டாமா?

மொத்தமாகப் பார்க்காதீர்கள். ஒரே மூச்சில் இருபது எபிசோடு ஓட்டினால் எந்த மெகா தொடரும் சலிக்கும், ஏனென்றால் அது அப்படிப் பார்க்க எடுத்தது இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. நடுவில் ஒரு இரவு காத்திருந்தால்தான் அந்த ருசி வரும். முக்கால் மணி நேரம் கறிகாய் நறுக்கும்போது காதில் ஓடட்டும், முக்கியமான கட்டத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள்? ஒரு கதவைத் திறக்க ஒரு வாரமா?

நியாயமான கோபம். ஆனால் காரணம் தெரிந்தால் கொஞ்சம் தணியும். தூர்தர்ஷன் காலத்தில் பெரும்பாலும் வாரம் ஒன்று, பதின்மூன்று வாரம், முடிந்தது. தனியார் சேனல்கள் வந்து, தினசரித் தொடர் பழக்கமான பிறகு, வாரத்துக்கு ஐந்தாறு எபிசோடு தர வேண்டும். விளம்பரம் போக இருபது நிமிஷத்துக்குச் சற்று மேலே காட்சி வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு சினிமா! ஒவ்வொரு வாரமும் ஒரு சினிமா அளவுக்கு எழுதி, நடித்து, எடிட் செய்து, டப்பிங் பேசிக் கொடுக்கிறார்கள். கையில் சில நாள் எபிசோடு மட்டுமே மிச்சம் இருக்கும் நிலையில், நடிகருக்குக் காய்ச்சல் வந்தால் எழுதியதை மாற்ற வேண்டும். அப்போதுதான் எல்லார் முகத்துக்கும் மூன்று முறை கேமரா போகிறது.

அது ஒரு பக்கம். தொடர் நன்றாக ஓடினால் அந்த நேரத்தை விட சேனலுக்கு மனசு வராது. நல்ல கதை முடிய வேண்டிய இடத்தைத் தாண்டியும் ஓட வைக்கப்படுவது இதனால்தான். இதில் எனக்கு வருத்தம் உண்டு. முடிக்கத் தெரிந்த தொடர்களை நாம் இன்னும் சத்தமாகப் பாராட்ட வேண்டும்.

நான் தினமும் பார்த்தால் என் தொடருக்கு டிஆர்பி ஏறுமா?

அனேகமாக ஏறாது. டிஆர்பி என்றால் ஒரு நிகழ்ச்சியை எவ்வளவு பேர் டிவியில் பார்க்கிறார்கள் என்ற அளவு. இந்தியாவில் இப்போது அதை எடுப்பது பார்க் (BARC) என்கிற அமைப்பு. நாடு முழுக்க 50,000-க்கு மேற்பட்ட வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கருவி வைத்திருக்கிறார்கள். சேனல்களின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் பதிந்திருக்கும். அதை அந்தக் கருவி பிடித்து, வீட்டில் யார், எந்தச் சேனலை, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கு அனுப்பும். அந்த வீடுகள் எவை என்பது ரகசியம். உங்கள் வீடு அதில் இல்லையென்றால், டிவியை நாள் முழுக்க ஓடவிட்டாலும் மின்கட்டணம்தான் ஏறும்.

வாரா வாரம் வியாழக்கிழமை எண்கள் வந்ததும் ரசிகர்களுக்குள் சண்டை தொடங்கிவிடுகிறது. ஒன்றை நினைவில் வையுங்கள். சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 செயலிகளில் பார்ப்பது இந்த டிவிக் கணக்கில் சேராது. கைபேசியில் இளையவர்கள் கொண்டாடும் தொடர் டிஆர்பி பட்டியலில் பின்னால் இருப்பது சகஜம். எண் குறைந்ததால் உங்கள் ரசனை குறைந்துவிடவில்லை.

நடிகர் மாறினால் தொடரை விட்டுவிடலாமா?

இதுதான் சீரியல் ரசிகருக்கு மட்டுமே உள்ள துக்கம். சினிமா ரசிகருக்கு இது வரவே வராது. படத்தின் பாதியில் கதாநாயகி வேறொருவர் ஆவதில்லை. நமக்கோ ஒரு திங்கட்கிழமை, திரையின் கீழே 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். நேற்றுவரை அழுதவள் வேறு முகத்தோடு அதே அழுகையைத் தொடர்வாள். கணவனும் மாமியாரும் எதுவும் நடக்காதது போலப் பேசுவார்கள். வீட்டில் இருக்கும் நமக்கு மட்டும்தான் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்.

'பாரதி கண்ணம்மா'வில் 2021-இல் ரோஷினி ஹரிப்ரியன் விலகி வினுஷா தேவி வந்தபோது எத்தனை கோபம்! பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்த கண்ணம்மா என்றால் ரோஷினியின் முகம்தான் என்று மனசில் பதிந்துவிட்டது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு, தேவையே இல்லாமல், வினுஷாமேல் விழுந்தது. அவர் செய்த தப்பு என்ன? வேலைக்கு வந்தார், அவ்வளவுதான்.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இன்னும் கனமானது. முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்துபோனார். அந்த இடத்துக்குக் காவ்யா அறிவுமணி வந்தார். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்குள் புதிதாக நுழைகிற பெண் எவ்வளவு சங்கடத்தோடு நுழைவாளோ, அதுதான் அவர் நிலை. அப்போது 'எங்களுக்குச் சித்ராதான் முல்லை, ஆனால் நீங்கள் நன்றாக இருங்கள்' என்று எழுதிய ரசிகர்கள் இருந்தார்கள். அந்த ரசிகர்களை நான் மதிக்கிறேன்.

என் பழக்கம், புதியவருக்கு ஒரு மாதம் தருவது. முதல் வாரம் பழைய முகத்தைத்தான் தேடுவோம். நான்காவது வாரத்திலும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். அதில் துரோகம் ஒன்றும் இல்லை.

மாரிமுத்து போன பிறகு எதிர்நீச்சல் பார்க்க முடியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. 2023 செப்டம்பர் 8 காலையில், அந்தத் தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான், குணசேகரனாக நடித்த மாரிமுத்துவுக்கு உடல் முடியாமல் போனது. அன்றே இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் 'ஜெயிலர்' வெளியாகி அதிலும் அவரைப் பார்த்தோம். தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, வருஷக்கணக்கில் உதவி இயக்குநராக இருந்து, 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கிய மனிதர். அவருக்கு வீட்டுக்கு வீடு பெயர் வாங்கித் தந்தது 'ஏய், இந்தாம்மா' என்ற அந்த அதட்டல். பெண்களை அடக்கி வைக்கும் ஒருவனை, நாம் அவனை வெறுத்துக்கொண்டே அவன் வரவுக்குக் காத்திருக்கும்படி நடிப்பது லேசான காரியம் இல்லை. குணசேகரன் சாப்பாட்டு மேசையில் உட்காரும் விதத்திலேயே அந்த வீட்டின் சட்டம் என்னவென்று தெரிந்துவிடும்.

பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். அவரும் வலுவான நடிகர்தான். ஆனாலும் பலரால் தொடர முடியவில்லை என்பது உண்மை. மாரிமுத்து இருக்கும் எபிசோடுகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் அப்படியே பார்க்கலாம்.

வில்லியாக நடிப்பவரை நேரில் பார்த்தால் திட்டத் தோன்றுகிறது. அது அவர் நடிப்புக்குக் கிடைத்த வெற்றிதானே?

வெற்றிதான், அதை அவரிடம் பாராட்டாகச் சொல்லுங்கள். 'உங்களைப் பார்த்தாலே எங்கம்மா பல்லைக் கடிப்பாங்க' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அவருக்குப் புரியும். அவருடைய சமூக வலைதளப் பக்கத்தில் போய் வசவு எழுதுவதும், குழந்தையோடு கடைக்கு வந்தவரை வழிமறித்துக் கேள்வி கேட்பதும் பாராட்டு ஆகாது. 'மெட்டி ஒலி'யில் கொடுமைக்கார மருமகனாக நடித்த சேத்தனைத் தமிழ்நாடே கரித்துக் கொட்டியது. அவரே 'விடாது கருப்பி'ல் நாயகத் தோரணையில் வந்தவர், அங்கே உடன் நடித்த தேவதர்ஷினியைத் திருமணம் செய்துகொண்டவர். பின்னாளில் 'விடுதலை'யில் மறுபடி நம்மை நடுங்க வைத்தார். ஒரே ஆள்தான் இத்தனையும்.

திரையில் ஜோடியாக நடிப்பவர்கள் நிஜத்திலும் சேர வேண்டும் என்று ஆசைப்படலாமா?

கதாபாத்திரங்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஆசைப்படுங்கள். பாட்டுப் போட்டு வீடியோ வெட்டுங்கள், கதை எழுதுங்கள், பெயர்களைச் சேர்த்துக் கூப்பிடுங்கள். நானும் ரசித்துப் பார்ப்பேன். நடிகர்களின் சொந்த வாழ்க்கையில் இருக்கும் கணவனையோ மனைவியையோ அதற்காக வம்புக்கு இழுக்காதீர்கள்.

ப்ரோமோ பார்த்துவிட்டு எபிசோடு பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறதே?

ப்ரோமோவை நம்பாதீர்கள். அறை விழுவது போலக் காட்டுவார்கள், அது கனவாக இருக்கும். இன்னொன்று: செயலியில் முன்கூட்டியே பார்த்துவிடும் வசதி உள்ளவர்கள், இரவு டிவியில் பார்ப்பவர்களுக்காக வாயைக் கட்டுங்கள். ஊரில் இருக்கும் பெரியம்மா ஒன்பதரை மணிக்காகக் காத்திருப்பார்.

சீரியலில் உண்மையிலேயே பிரமிக்க வைத்த ஒன்றைச் சொல்ல முடியுமா?

'நாதஸ்வரம்' ஆயிரமாவது எபிசோடு. 2014 மார்ச் 5. திருமுருகனும் குழுவும் காரைக்குடியிலிருந்து அதை நேரலையாக ஒளிபரப்பினார்கள். 23 நிமிஷத்துக்கு மேல், வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில். யாராவது வசனம் மறந்தாலோ கால் தடுக்கினாலோ அப்படியே வீடுகளுக்கு வந்துவிடும். கின்னஸில் ஏறியது. நாடக மேடையின் துணிச்சலும் சினிமாவின் கேமராவும் ஒன்றாகச் சேர்ந்த இரவு அது. இதைப் பற்றி இன்னும் யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

டைட்டில் பாட்டை ஓட்டிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. அடுப்படியில் இருப்பவரைக் கூடத்துக்கு இழுத்தது அந்தப் பாட்டு. 'மெட்டி ஒலி' பாட்டுக்கு ஆடிய சாந்தி, தொடர் முடிந்து இத்தனை வருஷம் கழித்தும் 'மெட்டி ஒலி சாந்தி' என்றே அறியப்படுகிறார். ஒரு தொடரின் கதையில் இல்லாமல் முகப்பில் மட்டும் ஆடியே ஒருவர் ஊருக்கெல்லாம் தெரிந்தவர் ஆனார்!

மற்ற மொழித் தொடரிலிருந்து எடுக்கிறார்களே, நமக்கென்று கதை இல்லையா?

போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு. 'பாரதி கண்ணம்மா' மலையாளத்துக் 'கறுத்தமுத்து'விலிருந்து வந்தது. அண்ணன் தம்பி நால்வரும் ஒரு மளிகைக் கடையுமாக இங்கே பிறந்த 'பாண்டியன் ஸ்டோர்ஸ்', தெலுங்கில் 'வதினம்மா', மலையாளத்தில் 'சாந்த்வனம்', இந்தியில் 'பாண்டியா ஸ்டோர்' என்று போனது. கூட்டுக் குடும்பத்து ஆசை எல்லா ஊரிலும் இருக்கிறது போலும்.

வெளிநாட்டில் இருக்கிறேன். உடன் பேச ஆள் இல்லை.

ஆள் நிறைய உண்டு. யாழ்ப்பாணத்தில் கேபிள் வழியாகச் சன் டிவி தொடர்களோடு வளர்ந்தவர்கள் ஏராளம். மலேசியாவில் ஆஸ்ட்ரோ மூலம் நம் தொடர்களும் போகின்றன, வானவில் சேனலில் அவர்களே எடுக்கும் நாடகங்களும் வருகின்றன. அவற்றையும் பாருங்கள், அந்த ஊர்த் தமிழ் காதுக்குப் புதிதாக இருக்கும். பேச ஆரம்பிக்க ஒரு வழி சொல்கிறேன்: பக்கத்தில் இருக்கும் தமிழ் அம்மா யாரிடமாவது 'நீங்க சித்தி பார்த்திருக்கீங்களா?' என்று கேளுங்கள். அரை மணி நேரம் போவது தெரியாது.

பிடித்த நடிகருக்கு எழுத ஆசை. என்ன எழுதுவது?

'சூப்பர் அக்கா' என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். நீங்கள் ஒரு காட்சியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எந்த எபிசோடு, எந்தப் பார்வை, எந்த இடத்தில் குரல் உடைந்தது, அது உங்களை ஏன் தொட்டது. தினமும் பதினாலு மணி நேரம் செட்டில் நின்று, எடுத்ததை யாராவது கவனித்தார்களா என்று தெரியாமல் வீட்டுக்குப் போகிறவருக்கு அதுதான் வேண்டும். துணைவேடக்காரர்களுக்கும் எழுதுங்கள். பின்னால் நின்று காபித் தம்ளரை நீட்டும் சின்ன மாமியாருக்கு யாருமே எழுதுவதில்லை. இயக்குநர், வசனகர்த்தா, டப்பிங் குரல் கொடுத்தவர் பெயர்கள் தலைப்பு அட்டையில் ஓடும், நிறுத்திப் படித்து அவர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், மறுபடி மறுபடி அனுப்ப வேண்டாம். வீட்டு முகவரியைத் தேடாதீர்கள். தமிழில் எழுதுங்கள், அவர்கள் நடித்தது அந்த மொழியில்தானே.